ஓடு பதிக்கும் கை: கட்டடத் தொழிலிற் பயிலுநர் நிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கோட்டையும் கோயிலும் மாளிகையும் யார் காலத்தில் எழுந்தன என்பதை எமது வரலாற்று நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அவற்றைக் கட்டிய கைகள் அத்தொழிலை எங்கே, யாரிடம், எவ்வாறு கற்றன என்னும் வினாவிற்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. தஞ்சைப் பெருங்கோயிலை அமைத்த குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் கல்வெட்டிற் பொறிக்கப்பெற்றமையால் எமக்குக் கிடைத்துள்ளது. அவனிடத்தில் முதன்முதல் உளிபிடித்துப் பழகிய இளைஞன் யார் என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. தொழிலின் வரலாறு தேர்ந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலைத் தொடங்குபவனுக்கு அதில் இடமில்லை.

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் அண்டிய கிண்ணியாப் பகுதியில் அமைந்த ஊர் குறிஞ்சாக்கேணி. குறிஞ்சா என்னும் கொடியின் பெயரும் நீர்நிலையைக் குறிக்கும் கேணி என்னும் சொல்லும் இணைந்த பெயர் அது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் இப்பகுதியின் வாழ்வு நெடுங்காலம் வயலையும் கடலையும் சார்ந்திருந்தது. இன்று அங்கும், இலங்கையின் வேறெந்தக் கிராமத்திலும், பாடசாலையை விட்ட இளைஞனொருவன் 'டைல்ஸ் வேலை' பழகப் போகிறான் என்பது வியப்பிற்குரிய செய்தியன்று. அவன் நுழையும் அந்த வாயில் வரலாற்றில் எவ்வாறு திறந்தது, யார் அதைக் காத்து நின்றனர், உள்ளே சென்றவனுக்கு என்ன ஏற்புக் கிடைத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓடு என்னும் பொருள் அரசரின் தடையிலிருந்து விடுபட்டு மக்கள் பொருளாகிவிட்டது. அதனைப் பதிக்கும் அறிவோ இன்னும் முழுமையான ஏற்பைப் பெறவில்லை என்பது இங்கு நிறுவ முற்படும் கருத்து.

ஓடு யாருக்கு உரியது?

கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய செய்தியொன்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் பாய்மரத்தை இழந்து, பழுதுபார்க்கும் பொருட்டு இக்குடாவை வந்தடைந்தது. 1660 ஆம் ஆண்டில் அதன் தலைவரும், அவருடைய மகனாகிய றொபேட் நொக்சும், உடன்வந்தோர் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு உள்நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679 இல் தப்பிச் சென்ற நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் கண்டி இராச்சிய மக்களின் வாழ்க்கை முறையை விரிவாக எழுதினார். அங்குப் பொதுமக்கள் தம் வீடுகளுக்கு ஓடு வேயவும், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கவும் அனுமதிக்கப்படவில்லை என்பது அந்நூல் தரும் செய்திகளுள் ஒன்று. வைக்கோலும் ஓலையும் குடிமக்களுக்கு, ஓடு அரண்மனைக்கும் வழிபாட்டிடத்திற்கும் உயர்ந்தோருக்கும் என்பதே அந்த ஒழுங்கு.

இத்தகைய தடை கண்டிக்கு மட்டும் உரியதன்று. கொங்குநாட்டைச் சேர்ந்த கரூரிற் கிடைத்த இடைக்காலக் கல்வெட்டொன்று, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டந் தாங்கிய மன்னன் அந்நாட்டுக் கம்மாளருக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுகின்றது. நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டை விட்டு வெளியே போகும்போது செருப்பணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அவ்வுரிமைகள். ஒன்றை அனுமதிப்பதற்கு ஆணை வேண்டியிருந்தது எனின், அதற்கு முன்னர் அது மறுக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்படை. கட்டடக்கலையில் வல்லவர்களான கம்மாளர் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் அனுமதியை எதிர்பார்த்திருந்தனர்.

இவ்விரு சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது பழைய சமுதாயத்தின் ஓர் இயல்பு புலனாகின்றது. ஆக்கும் அறிவு ஒருவரிடத்தும் அதனை அனுபவிக்கும் உரிமை வேறொருவரிடத்தும் இருந்தன. அவ்வொழுங்கிலே தொழில் தொடங்குவோனுக்குத் தனியான பயிற்சி ஏற்பாடு தேவைப்படவில்லை. தந்தையே ஆசான், வீடே பட்டறை, பிறப்பே சான்றிதழ். அப்பிறப்பு வாய்க்காதவனுக்கு வாயில் அடைபட்டிருந்தது. வாய்த்தவனுக்கோ வெளியேறும் வழி அடைபட்டிருந்தது.

சொற்கள் கூறும் செய்தி

ஐரோப்பியர் வருகையோடு கட்டடத் தொழிலில் ஏற்பட்ட மாற்றத்தை எமது பேச்சு வழக்கே காட்டி நிற்கின்றது. சன்னல், சாவி, அலுமாரி, கதிரை என்பன போர்த்துக்கேய மொழிவழி வந்தவை. கந்தோர் ஒல்லாந்தச் சொல். கைவினைத் தலைவனைச் சுட்டுவதாகச் சிங்களத்திலும், அதனோடு பழகிய இலங்கைத் தமிழிலும் வழங்கும் 'பாஸ்' என்பதும் ஒல்லாந்த மொழியில் எசமானைக் குறித்த சொல்லே. பின்னர் ஆங்கிலத்திலிருந்து 'மேசன்' வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிற் கொத்தனார் எனப்படுபவர் இலங்கைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மேசன் என்றே அழைக்கப்படுகின்றார்.

இச்சொல் மாற்றத்தின் உட்பொருள் ஆழமானது. தச்சன், கொல்லன் என்னும் சொற்கள் தொழிலோடு பிறப்பையும் சேர்த்து உணர்த்தின. மேசன் என்னும் சொல் தொழிலை மட்டுமே உணர்த்திற்று. எந்தக் குலத்தவரும், எந்தச் சமயத்தவரும், மீன்பிடிப்பவரின் மகனும் உழவரின் மகனும் மேசனாகலாம் என்னும் நிலை படிப்படியாக உருவாயிற்று. அடிமைப்படுத்திய ஆட்சிகள் இதனை நோக்கமாகக் கொண்டு செய்தன எனக் கூறவியலாது. கோட்டைக்கும் களஞ்சியத்திற்கும் கந்தோருக்கும் கைகள் தேவைப்பட்டன; தேவையின் அளவு பழைய குல எல்லைக்குள் அடங்கவில்லை.

திருகோணமலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை அமைத்தனர். அதன் வாயிலிற் கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் பொருந்திய கற்களை இன்றும் காணலாம். ஒல்லாந்தர் அதனை விரித்துக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னர் துறைமுகம் அரச கடற்படையின் தளமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குறிப்பாக 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நடத்திய தாக்குதலையொட்டிய காலத்தில், துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் பெருங்கட்டட வேலைகள் நிகழ்ந்தன. 1957 இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. இவ்வாறாக மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குடாவின் ஒரு கரையிற் கல்லும் சாந்தும் இடைவிடாது தேவைப்பட்டன. ஆயினும் சுற்றியிருந்த கிராமங்களிற் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமே நெடுங்காலம் நிலைத்தன. ஓட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த அரசாணை மறைந்தது. வறுமை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

தளவோட்டின் வருகை

கூரையோட்டை மலிவாக்கியது இயந்திரம். 1865 இற் பாசல் மிசனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ற் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும் அந்தத் தட்டையோடுகள் இந்தியக் கரையோரம் முழுவதிலும் கடல்கடந்தும் பரவின. இலங்கையில் அவ்வகையோட்டைக் கள்ளிக்கோட்டையின் பெயராற் சுட்டும் வழக்கு உண்டு.

தரையோட்டின் வரலாறு இதனினும் பழையது. மெருகூட்டிய ஓட்டை அணிகலையாக வளர்த்தவர்களுள் இஸ்லாமிய உலகின் கைவினைஞர் முதன்மையானவர்கள். ஈரானிலுள்ள காசான் நகரின் பெயரே பாரசீக மொழியில் ஓட்டிற்குரிய பெயருக்கு மூலமாயிற்று. போர்த்துக்கேயர் தம் ஓட்டை அழைக்கும் 'அசுலேசு' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பெற்றதாகும். எனினும் அவை கையால் ஆக்கப்பட்டவை. ஒன்றின் அளவு மற்றொன்றினதை முற்றாக ஒத்திராது. 1840 இல் ஆங்கிலேயரான றிச்சர்ட் புறொசர், உலர்ந்த களிமண் தூளை உயர்ந்த அழுத்தத்தில் அச்சிட்டுத் துண்டுகளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மின்ரன் நிறுவனம் அம்முறையை ஓடு செய்வதற்கு மேற்கொண்டது. அளவு மாறாத ஓடுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்தபோதே, அவற்றை நேர்கோட்டில், ஒரே மட்டத்தில், சம இடைவெளியிற் பதிக்கும் வேலை மேசன் வேலையினின்று பிரிந்து தனித் தொழிலாக வளர்தற்கு வழி பிறந்தது.

தமிழகத்தின் பங்கும் இங்கு நினைக்கற்பாலது. இலங்கையிலும் பர்மாவிலும் வாணிகஞ் செய்த நகரத்தார், தம் செட்டிநாட்டு வீடுகளுக்கு வெளிநாட்டு ஓடுகளை வருவித்தனர். அங்குள்ள ஆத்தங்குடியிலோ, கண்ணாடித் தட்டின்மேல் நிறச்சாந்தை வார்த்து, அதன்மேல் மணலும் சீமெந்தும் இட்டு, நீரில் ஊறவைத்துச் சூளையின்றியே ஓடு செய்யும் கைத்தொழில் தழைத்தது. அது இன்றும் நிலவுகின்றது.

இலங்கையைப் பொறுத்தவரை முதலில் வந்தது சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. போர்ச் சூழலால் 1990 இல் மூடப்பட்டது. 1982 இல் நிறுவப்பட்ட ரோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலைத் துறைமுகத்தையொட்டித் தன் ஆலையை அமைத்தது. சிவப்புத் தூள் கலந்து மெழுகி வழுவழுப்பாக்கிய சீமெந்துத் தரை, ஓரளவு வசதி படைத்த வீட்டின் அடையாளமாக இருந்த காலம் அது. அக்காலத்திலேயே ஓட்டு உற்பத்தியும் வேரூன்றியது. லங்கா வோல்டைல் நிறுவனம் 1975 இலும், தரையோட்டிற்கான லங்கா புளோர் டைல்ஸ் 1984 இலும், றோயல் செறமிக்ஸ் 1990 இலும் நிறுவப்பட்டன. 1977 இன் பின்னர் இறக்குமதியும் தளர்த்தப்பட்டது. தளவோடு நகரத்துக் குளியலறையிலிருந்து கிராமத்து முன்மண்டபம் வரை வந்து சேர்ந்தது.

கிண்ணியாப் பகுதிக்கு அந்த வருகை பேரிழப்பொன்றின் வழியே விரைவுபடுத்தப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கிண்ணியா மருத்துவமனையும் அதில் அழிந்தது. முற்றாகச் சேதமுற்ற வீடொன்றிற்கு இரண்டரை இலட்சம் ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே கட்டுவிக்கும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. ஒரே காலத்திற் பல்லாயிரம் வீடுகள் எழவேண்டியிருந்தமையால் மேசன்மாருக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுத்து 2009 ஒக்ரோபரில், சவூதி அரேபிய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. படகுப் பாதையை நம்பியிருந்த போக்குவரத்துத் தடையின்றி நடக்கலாயிற்று. கட்டடப் பொருளும் கட்டடத் தொழிலாளரும் குடாவைக் கடந்து போய்வருதல் எளிதாயிற்று.

பயிலுநரின் முதலாண்டுகள்

இப்புதிய தொழிலை இளைஞன் எவ்வாறு கற்கின்றான்? பெரும்பாலும் மாமனோ மச்சானோ அயலவரோ அழைத்துச் செல்வதே தொடக்கம். எழுத்திலமைந்த உடன்படிக்கை எதுவுமில்லை. முதன் மாதங்களில் அவனுக்குக் கிடைப்பது மணலை அரிப்பதும், சீமெந்து குழைப்பதும், ஓட்டுப் பெட்டிகளைச் சுமந்து மாடியேற்றுவதும், வாளிகளைக் கழுவுவதுமாகும். சாந்தகப்பை அவன் கைக்கு வருவதற்குக் காலஞ் செல்லும். இதனை வெறும் எடுபிடி வேலையென்று கருதுதல் பொருந்தாது. மணலிலுள்ள உப்பையும் மண்ணையும் இனங்காண்பதும், சாந்தின் பதத்தைக் கையால் உணர்வதும் அங்கேதான் கற்கப்படுகின்றன. ஆயினும் எதற்காக அவ்வாறு செய்ய வேண்டும் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பார்த்துப் பழகுவதே பாடத்திட்டம்.

அடுத்த படி அளத்தல். அறை சதுரமாக உள்ளதா என்பதை அறிய, ஒரு மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடியும் மறுசுவரில் நான்கடியும் குறித்து, அப்புள்ளிகளுக்கிடையே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பர். பைதகரசின் தேற்றத்தைப் பாடசாலையிற் கற்றுக் கைவிட்டவன் அதனை இங்கே பயன்படுபொருளாக மீண்டும் சந்திக்கின்றான். பின்னர் நடுக்கோடு இழுத்து, ஓடுகளைச் சாந்தின்றி அடுக்கிப் பார்த்து, வெட்டுத் துண்டுகள் வாயிலில் விழாமல் ஓரத்தில் மறையுமாறு ஒழுங்கு செய்யவேண்டும். குளியலறையில் நீர் வடிவாயை நோக்கி ஓடுமாறு சரிவு வைத்தல் தேர்ச்சிக்கான முதற் சோதனை. சரிவு தவறினால் அந்த வீட்டார் தலைமுறைக்கும் தேங்கிய நீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டேயிருப்பர்.

பதித்த ஓட்டைச் சுத்தியற் பிடியால் மெல்லத் தட்டினால், அடியில் வெறுமை உள்ள இடத்தில் ஒலி வேறுபடும். தேர்ந்த தொழிலாளி செவியினாலேயே பிழையைக் காண்பார். பயிலுநரின் செவி அவ்வொலிக்குப் பழகுவதற்கு ஒரு வீடோ இரண்டு வீடோ போதா.

எனினும் பார்த்துப் பழகுதலுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய சுவரோடு நீரை உறிஞ்சும். அதனை ஊறவைத்துச் சீமெந்துக் கூழிற் பதித்தாற் பிடித்துக்கொள்ளும். இன்று பெருவழக்கான போர்சலின் வகை ஓடோ தன் நிறையில் 0.5 வீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சாதது. சீமெந்துக் கூழ் பற்றுவதற்கு அதில் நுண்துளை இல்லை. அதற்கெனச் சேர்வைப் பொருள் கலந்த ஒட்டுச்சாந்து வேண்டும். மெல்லிய படையாகப் பூசும் அத்தகைய சாந்தை 1950களில் அமெரிக்கரான ஹென்றி றொத்பேர்க் உருவாக்கினார். ஆசானின் கை பழகியது ஒரு வகை ஓட்டில், பயிலுநர் பதிக்க வேண்டியிருப்பது மற்றொரு வகையை எனும்போது, ஆசானின் பிழையும் அவரது திறமையோடு சேர்ந்தே மரபுரிமையாகின்றது. சில மாதங்களில் ஓடு கிளம்பிவிடும்போது பழி அதனைப் பதித்தவன்மேல் விழும். பொருளைப் பற்றிய அறிவு அவனுக்கு வழங்கப்படவில்லை என்பதை எவரும் எண்ணுவதில்லை.

சட்டமும் சான்றிதழும்

தொழில் பயிலுதலைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் முயற்சி உலகில் மிகப் பழையது. இங்கிலாந்தில் 1563 ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம், தொழிலொன்றை நடத்த விரும்புவோர் ஏழாண்டு பயிலுநராக இருந்திருத்தல் வேண்டுமென விதித்தது. அவ்விதி 1814 இல் நீக்கப்பட்டது. அம்முறையிற் கொடுமைகள் பல இருந்தன. பயிலுநர் எசமானின் வீட்டுப் பணியாளாகவே நடத்தப்பட்டமையுமுண்டு. ஆயினும் அதில் ஒரு நியாயம் இருந்தது. உடன்படிக்கை எழுத்தில் அமைந்தது; உழைப்பது பயிலுநரின் கடமை என்பதுபோல, கற்பிப்பது எசமானின் கடமை என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தது.

இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் இத்துறையில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஏப்பிரலில் இளைஞர் கிளர்ச்சியொன்று நாட்டை உலுக்கியது என்பதை நினைவிற் கொண்டே இச்சட்டத்தை நோக்குதல் வேண்டும். வேலையற்ற இளைஞரைப் பற்றிய கவலை அக்காலத்து அரசியலின் நடுப்பொருளாக இருந்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த சபையின் பணிகள், 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கு மாறின. 1995 இல் தொழிற்பயிற்சி அதிகார சபை உருவாயிற்று. கட்டடத் துறைக்கெனத் தனியாக 1986 இல் நிறுவப்பட்ட பயிற்சி, அபிவிருத்தி நிறுவனம், 2014 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையாயிற்று. 2000 இன் பின்வந்த ஆண்டுகளில், ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறை அறிமுகமாயிற்று. அதன் முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ் நிலையைச் சேர்ந்தவை. பாடநெறி எதனையும் பின்பற்றாது வேலைத்தளத்திலேயே கற்றவரையும் சோதித்து, அவரது முன்கற்றலை ஏற்றுச் சான்றிதழ் வழங்கும் வழியும் அம்முறையில் இடம்பெற்றுள்ளது.

ஏட்டளவில் இஃது எல்லோருக்கும் திறந்த வாயிலே. நடைமுறையில் அது பெருநிறுவனத்திற் பயில்பவனுக்கு அண்மையிலும், வீட்டு வேலைக்குச் சதுர அடிக் கணக்கிற் கூலி பேசும் கிராமத்து மேசனின் பயிலுநருக்குத் தொலைவிலும் உள்ளது. அவனுக்குப் பதிவேடு இல்லை. எத்தனை வீடுகளில் வேலை செய்தான் என்பதற்குச் சான்றில்லை. அவனை யாருடைய பயிலுநர் என்று சொல்வது என்பதே தெளிவில்லை. சோதனைக்கு ஒருநாள் போவதென்றால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே திறமை கைகூடிய பின்னரும் அவன் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாதவனாகவே இருந்துவிடுகின்றான்.

இதன் விளைவு வெளிநாட்டு வேலையில் வெளிப்படும். 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின் வளைகுடா நாடுகளில் எழுந்த கட்டடப் பெருக்கம் இலங்கைத் தொழிலாளரையும் ஈர்த்தது. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தோன்றியது. அங்கே தொழிலாளியின் கைத்திறனைக் காண்பதற்கு முன்னர் அவனுடைய கடதாசியையே காண்கின்றனர். சான்றிதழ் உள்ளவன் தொழில் தேர்ந்தவன் என்னும் வகுப்பிலும், இல்லாதவன் சாதாரண தொழிலாளி என்னும் வகுப்பிலும் எழுதப்படுகின்றனர். ஒரே ஆசானிடம் பயின்ற இருவருக்கு இருவேறு சம்பளம் கிடைப்பது இதனாலேதான்.

ஏற்பு மறுக்கப்படுதலின் மிகக் கடுமையான வடிவத்தைத் தமிழ்நாட்டிற் காண்கின்றோம். அங்கே கட்டட வேலைக்கு வரும் பெண் 'சித்தாள்' எனப்படுகின்றாள். கல்லும் மணலும் சுமந்து, சாந்து கலந்து, இருபது முப்பது ஆண்டுகள் கொத்தனாரின் அருகே நின்றாலும் அவள் பெரும்பாலும் சித்தாளாகவே முதுமையடைகின்றாள். ஆண் பயிலுநருக்குச் சித்தாள் நிலை ஒரு படி. பெண்ணுக்கு அதுவே முடிவு. 1982 இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994 இற் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் அங்கு உருவாவதற்குத் தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டம் காரணமாயிற்று. தொழிலாளி என்று பதிவு பெறுதலே ஓர் உரிமை என்பதை அப்போராட்டம் உணர்த்தியது.

கற்பதற்குக் கொடுக்கும் விலை

பயிலுநர் தன் கூலிக் குறைவால் மட்டும் தொழிலுக்கு விலை கொடுப்பதில்லை. தன் உடலாலும் கொடுக்கின்றான். நாள் முழுதும் முழந்தாளிட்டு வேலை செய்வதால் மூட்டு நோய் வருகின்றது. சீமெந்து தோலை அரிக்கின்றது. இவற்றினும் கொடியது தூசு. ஓட்டைக் கிறைண்டரால் உலர்நிலையில் வெட்டும்போது எழும் வெண்புகையில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உள்ளன. அவை நுரையீரலிற் படிந்து, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே நோயாக வெளிப்படுகின்றன. 1700 ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ றமசீனி, கல்வெட்டுவோரின் நோயைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1997 இற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், தொழிற்களத்திற் சுவாசிக்கப்படும் பளிங்குருச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் முதற்பிரிவிற் சேர்த்தது. நீர் பாய்ச்சி வெட்டுதலும் தகுந்த முகக்கவசம் அணிதலும் தூசின் தீங்கைப் பெரிதும் குறைப்பன. ஆயினும் ஆசான் அணியாத கவசத்தை மாணவன் அணிவதில்லை. நோயும் இங்கே பார்த்துப் பழகப்படுகின்றது.

வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 இலும், சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் 1941 இலும், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. தொழிலாளர் நலனில் இலங்கை பின்தங்கிய நாடென்று கூறுதல் தகாது. ஆனால் இச்சட்டங்களின் பயனைப் பெறுவதற்குத் தொழில்கொள்வோர் ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். வீட்டுக்காரர் மேசனைக் காட்டுவார். மேசன் வீட்டுக்காரரைக் காட்டுவார். இடையிலே பயிலுநர் நிற்கின்றான்.

2020 இல் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளுள் ஓடுகளும் அடங்கின. 2022 இன் பொருளாதார நெருக்கடியிற் கட்டட வேலைகள் நாடெங்கும் முடங்கின. வேலை குறையும்போது முதலில் நிறுத்தப்படுபவன் பயிலுநரே. அவன் பயிற்சியும் அத்துடன் நின்றுவிடுகின்றது. நின்ற இடம் எதுவென்று எங்கும் பதியப்படுவதில்லை.

குறிஞ்சாக்கேணி என்னும் பெயரை நாடு முழுதும் துயரத்தோடு அறிந்தது 2021 நவம்பர் 23 ஆம் நாள். பாலத்தின் மீள்நிர்மாண வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு மாற்றாகப் பயன்பட்ட மிதவைப் பாதை நீரிற் கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. எழவிருக்கும் கட்டடத்தையே கருத்திற் கொண்டு, அது எழும்வரை மக்கள் எவ்வாறு வாழ்வர் என்பதை மறத்தல் நிர்மாணத் துறையின் பழைய குறை. பயிலுநரின் பாதுகாப்பும் அதே மறதியில் அகப்பட்டுள்ளது. கட்டி முடிந்த தரையை அனைவரும் பார்க்கின்றனர். கட்டும் காலத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், கட்டடத் தொழிலைத் தொடங்குவோனின் வரலாற்றில் மூன்று நிலைகளைக் காணலாம். முதல் நிலையிற் பிறப்பு அவனை அனுமதித்தது. பொருளை அனுபவிக்கும் உரிமையை அரசன் மறுத்தான். இரண்டாம் நிலையிற் குல வாயில் தளர்ந்து எவரும் நுழையக்கூடியதாயிற்று. கற்பிக்கும் கடமை மட்டும் யாருக்கும் உரியதாகாமற் போயிற்று. மூன்றாம் நிலையிற் சட்டமும் சான்றிதழும் வந்தன; அவை கிராமத்து வேலைத்தளத்தை இன்னும் சென்றடையவில்லை. நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்ட குடாவின் கரையில் இன்று ஏழையின் வீட்டுத் தரையிலும் ஓடு பதிக்கப்படுகின்றது. அது பெரிய மாற்றம். அதனைப் பதிப்பவனைத் தேர்ந்த தொழிலாளி என்று ஏற்கும் மாற்றமே எஞ்சியுள்ளது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிலுநரும் தான் வேலை செய்த வீட்டையும் கற்ற வேலையையும் ஆசானின் கையொப்பத்தோடு பதிந்து வைக்கும் சிறிய குறிப்பேடொன்று, முன்கற்றலை நிறுவும் சான்றாகப் பயன்படும். சோதனையை நகரத்திலன்றி வேலைத்தளத்திலேயே நடத்துதல் ஒருநாட் கூலியைக் காப்பாற்றும். புதிய ஓட்டையும் புதிய சாந்தையும் விற்போர் அவற்றின் இயல்பை மேசனுக்கும் பயிலுநருக்கும் தமிழிலே விளக்கிக் கூறுதல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எமக்கும் இதில் ஒரு பணியுண்டு. கோயிற் கட்டடக்கலையைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளை நாம் பயில்கின்றோம். எமது விரிவுரை மண்டபத்தின் தரையைப் பதித்தவர்கள் வழங்கும் கலைச்சொற்களை இன்னும் தொகுத்தோமல்லோம். மூத்த மேசன்மாரிடம் அவர்கள் தொழில் பழகிய கதையைக் கேட்டு எழுதுதல் வரலாற்று மாணவருக்கும் மொழியியல் மாணவருக்கும் உரிய களப்பணி. சாந்தகப்பை முதன்முதல் தங்கள் கைக்கு வந்த நாளை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆவணங்கள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக்கூடியது அந்நினைவே. அம்மூத்தோர் மறையுமுன் அதனைச் சேர்த்து வைத்தல் எமது கடமையாகும்.